காட்டு வெங்காயம்: ஒரு பெயர், பல கிழங்குகள்

வெங்காயம் என்ற சொல்லை நம் மக்கள் தாராளமாக வழங்குகிறார்கள். மண்ணுக்கடியில் உருண்டையாக இருந்து, உரித்தால் அடுக்கடுக்காக வரும் எதற்கும் அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. வயலில் விளைந்தால் வெங்காயம். கரட்டு நிலத்திலோ மலையடிவாரத்திலோ தானாக முளைத்தால் காட்டு வெங்காயம், அல்லது நரி வெங்காயம். பெயர் வைத்தவர்கள் தோற்றத்தைப் பார்த்து வைத்தார்கள். அதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் அந்தப் பெயரை நம்பி அம்மியில் அரைத்து மோரில் கலக்கும்போது, தாவரவியலில் உள்ள ஒரு வேறுபாடு உயிர் சார்ந்த வேறுபாடாக மாறிவிடுகிறது. இதயநோய்ப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் கிழங்குகளைப் பற்றி எழுத முன்வந்ததற்குக் காரணம் அதுவே.

முதலில் உறவுமுறையைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நாம் அன்றாடம் சமைக்கும் சின்ன வெங்காயமும் பெரிய வெங்காயமும் ஒரே இனத்தின் இரு வடிவங்கள். வெள்ளைப்பூண்டு அவற்றுக்கு நெருங்கிய உறவு. அல்லியம் என்னும் அந்தப் பேரினத்தில் உலகெங்கும் 900-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் உண்மையான காட்டு வெங்காயங்கள் பல இமயமலைச் சரிவுகளில் இயல்பாக வளர்கின்றன. அங்குள்ள மக்கள் அவற்றின் இலையைக் காயவைத்துத் தாளிதத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் சமவெளிகளிலும் கரடுகளிலும் 'காட்டு வெங்காயம்' என்று தோண்டப்படுவதோ பெரும்பாலும் அந்தப் பேரினமும் அன்று, அந்தக் குடும்பமும் அன்று. அது டிரிமியா இண்டிகா என்னும் செடி. பழைய நூல்களில் இது அர்ஜீனியா இண்டிகா என்று காணப்படும். தாவரவியலாளர் கணக்கில் இது வெங்காயத்தைவிடத் தண்ணீர்விட்டான் கிழங்குக்கே நெருங்கிய சொந்தம்.

இந்தச் செடிக்கு மருத்துவ வரலாறு உண்டு. மத்தியதரைக் கடற்கரைகளில் வளரும் இதன் உறவான டிரிமியா மாரிட்டிமாவைப் பழங்கால கிரேக்க மருத்துவர்கள் நீர்க்கோவைக்கும் இருமலுக்கும் பயன்படுத்தினர். ஆங்கிலேயர் காலத்தில் அந்தக் கிழங்குக்கு மாற்றாக நம் நாட்டுக் கிழங்கு மருந்துப் பட்டியலில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சளியை இளக்கும் இருமல் மருந்துகளில் நெடுங்காலம் இடம்பெற்றும் இருந்தது. மத்தியதரைக் கிழங்கின் சிவப்பு வகையை எலிப் பாடாணமாகவும் விற்றார்கள். எலியால் வாந்தி எடுக்க இயலாது. உட்கொண்ட நஞ்சு அதன் வயிற்றிலேயே தங்கிவிடும். மனிதர்க்கு அந்த வாந்தியே பலமுறை உயிர் காத்திருக்கிறது. நம் சித்த மருத்துவ மரபும் நரி வெங்காயத்தை அறியும். ஆனால் கற்றறிந்த சித்த மருத்துவர் எவரும் அதைத் தோண்டிய கையோடு அரைத்துக் கொடுக்கமாட்டார். சுத்தி முறை, அளவு, யாருக்குக் கூடாது என்ற விலக்கு ஆகியவை அந்த மரபின் பகுதிகளே. எங்களிடம் சிக்கலோடு வருவோர் பெரும்பாலும் மருத்துவரிடம் பெற்றுக்கொண்டு வருவதில்லை. பக்கத்து வீட்டார் சொன்னதாகவும், கைப்பேசியில் வந்த காணொளியில் பார்த்ததாகவுமே சொல்கிறார்கள். சிறுநீரகக் கல், நாட்பட்ட இருமல், மூட்டு வலி ஆகிய மூன்றுக்குமே இது அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. கால் ஆணிக்கு வெளியே வைத்துக் கட்டுவதும் உண்டு. நாங்கள் அஞ்சுவது உள்ளே போவதைப் பற்றித்தான்.

அண்மையில் ஒரு முதியவர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். இதயம் பலவீனமடைந்ததற்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுத்துவருபவர். காலையிலிருந்து ஓயாத வாந்தி, தலைச்சுற்றல். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38. 'கல்லடைப்புக்கு வெங்காயச் சாறு கொடுத்தோம்' என்று குடும்பத்தார் சொன்னார்கள். வெங்காயச் சாறு நாடியை இப்படிக் குறைக்காது. அப்போது மூத்த செவிலியர் ஒருவர் மருமகளை அருகில் அழைத்து, 'ஏம்மா, அரியும்போது கண் எரிஞ்சுதா?' என்று கேட்டார். 'இல்லை சிஸ்டர், கைதான் ரொம்ப அரிச்சுது' என்றார் அந்தப் பெண். எந்தக் கிழங்கு என்பது அந்த ஒரு விடையில் தெளிவாகிவிட்டது. தற்காலிகப் பேஸ்மேக்கர் வைத்து மூன்று நாள் கண்காணித்த பின் அவர் நலமுடன் வீடு திரும்பினார்.

செவிலியரின் கேள்வியில் ஒரு முழு வேதியியல் பாடம் அடங்கியிருக்கிறது. வெங்காயத்தின் செல்களுக்குள் கந்தகம் கலந்த ஒரு பொருளும், அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. நெடியும் கண்ணெரிச்சலும் அப்போதுதான் பிறக்கின்றன. வெங்காயப் பேரினத்தின் முத்திரை இது. நரி வெங்காயத்தில் இந்த ஏற்பாடே இல்லை. அதை அறுத்தால் வழவழப்பான பசை கசியும், நெடி இராது. அந்தப் பசைக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. அவை தோலில் குத்துவதால் அரிப்பு உண்டாகிறது. நாவில் பட்டால் கசப்பு.

ஆகவே அறுத்த கிழங்கில் வெங்காய மணம் இல்லையென்றால் அது வெங்காயம் அன்று. இந்த விதியை வட அமெரிக்காவிலும் சொல்லித் தருகிறார்கள். அங்கே காட்டு வெங்காயம் தோண்டப் போகிறவர்கள் 'மரணக் காமாஸ்' என்று அஞ்சப்படும் ஒரு கிழங்கை மாற்றித் தோண்டிவிடுவதுண்டு. அதுவும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தும். ஐரோப்பாவில் காட்டுப் பூண்டின் இலை என்று எண்ணி கோல்கிகம் என்னும் செடியின் இலையைச் சமைத்து உண்டு இறந்தவர்கள் உண்டு. ஆயினும் மூக்கை மட்டும் நம்புவதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஏற்கெனவே வெங்காயம் அரிந்த கையால், அதே அரிவாள்மனையில் அறுத்தால் எல்லாவற்றிலும் வெங்காய மணமே வீசும். சளி பிடித்திருந்தாலோ, முதுமையில் மோப்பம் மங்கியிருந்தாலோ, கொரோனாவுக்குப் பின் வாசனையறியும் திறன் முழுதும் திரும்பாமல் இருந்தாலோ இந்தச் சோதனை ஏமாற்றும். வீட்டில் பெரும்பாலும் அரைத்துக் கொடுப்பவர் முதியவரே என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்ணால் வேறுபடுத்த முடியாதா? வளரும் செடியாக இருந்தால் முடியும். வெங்காயத்தின் பூக்கள் தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பிப் பந்துபோல் நிற்கும். விரியுமுன் காகிதம் போன்ற மெல்லிய உறை அவற்றை மூடியிருக்கும். நரி வெங்காயத்தின் பூக்களோ உயரமான தண்டின் மேல் பகுதி நெடுகிலும், மணி கோத்தாற்போல் இடைவெளி விட்டு, பழுப்பும் வெண்மையும் கலந்து தொங்கும். வியப்பான செய்தி என்னவென்றால், அந்தத் தண்டு இலை எதுவும் இல்லாத வெறும் நிலத்திலிருந்து எழும்பும். வறண்ட மாதங்களில் பூ. மழை பெய்த பிறகே இலை. கிழங்கில் சேமித்துவைத்த நீரே அதற்குப் போதும். மண்ணில் நடாமல் பரணில் கிடக்கும் கிழங்குகூடத் தண்டு விடும். கிரேக்க நாட்டில் இந்தத் தன்மைக்காகவே மத்தியதரைக் கிழங்கைப் புத்தாண்டன்று வீட்டு வாசலில் தொங்கவிடுகிறார்கள்.

இலையை வைத்துப் பார்ப்பதென்றால் சற்று எச்சரிக்கை வேண்டும். வெங்காயத் தாள் உள்ளே பொள்ளலான குழல். நரி வெங்காயத்தின் இலை தட்டையான வார். ஆனால் பூண்டின் இலையும் தட்டையே. 'தட்டையாக இருந்தது, பூண்டு என்று நினைத்தோம்' என்று சொல்ல இடமிருக்கிறது.

தோண்டி எடுத்த கிழங்கு மட்டும் கையில் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். குறுக்கே வெட்டினால் நரி வெங்காயத்திலும் முழு வளையங்கள் ஒன்றனுள் ஒன்றாகத் தெரியும், வெங்காயத்தைப் போலவே. மேல்தோல் வெளிறிய நிறத்தில் இருக்கும் என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லை; வெள்ளை வெங்காயமும் வெளிறியதே. இதே இடங்களில் லெடெபூரியா என்னும் இன்னொரு சிறு கிழங்கும் வளர்கிறது. அதன் இலைகள் தரையோடு படிந்து, பெரும்பாலும் ஊதாப் புள்ளிகள் கொண்டிருக்கும். கிழங்கின் செதில்கள் முழு வளையமாகச் சுற்றாமல் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு காலத்தில் சில்லா இண்டிகா என்ற ஒரே இலத்தீன் பெயரை ஓர் அறிஞர் நரி வெங்காயத்துக்கும், மற்றோர் அறிஞர் லெடெபூரியாவுக்கும் சூட்டியிருந்தார்கள். சந்தையிலும் இவ்விரண்டும் கலந்தே விற்கப்பட்டன. அறிஞர்களுக்கே இந்தக் கதி என்றால், நாட்டு மருந்துக் கடையில் சீவிக் காயவைத்த வில்லைகளைப் பார்த்து நாம் என்ன சொல்லிவிட முடியும்?

நரி வெங்காயத்துக்குள்ளேயே குழப்பம் தீரவில்லை. இந்தியாவில் டிரிமியா பேரினத்தில் பல இனங்கள் உள்ளன. நாகார்ஜுனே, வைட்டியை, பாலியாந்தா என்று தனிப்பெயர் பெற்றவை சில. பூவின் நிறம், காம்பின் நீளம், கிழங்கின் அளவு ஆகியவற்றைக் கொண்டு வல்லுநர்கள் பிரிக்கிறார்கள். அவர்களும் ஐயம் வரும்போது வேர்நுனியை எடுத்து நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணுகிறார்கள். டிரிமியா இண்டிகா என்ற ஒரே பெயருக்குள் 20, 30, 40 என மூவகை எண்ணிக்கை கொண்ட செடிகள் கண்டறியப்பட்டுள்ளன. வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்று, உள்ளே வேறு. இந்த நுட்பங்களை நோயாளி ஏன் அறியவேண்டும் என்று கேட்கலாம். நஞ்சின் அளவு இனத்துக்கு இனம், மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்பதே காரணம். 'போன ஆண்டு இதே கிழங்கைத்தான் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்ற சொல்லை நாங்கள் நம்புகிறோம். இந்த ஆண்டு தோண்டியது அதே கிழங்குதான் என்பதை மட்டும் எங்களால் நம்ப இயலவில்லை.

அந்த நஞ்சு எத்தகையது? நரி வெங்காயத்தில் புரோசில்லரிடின், சில்லாரென் போன்ற பொருள்கள் உள்ளன. மருத்துவர்கள் அவற்றை இதய கிளைக்கோசைடுகள் என்பர். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் ஒரு நுண்ணிய இறைப்பான் ஓயாமல் இயங்குகிறது. இந்தப் பொருள்கள் அந்த இறைப்பானைத் தடுக்கின்றன. அதன் விளைவாகச் செல்லுக்குள் கால்சியம் மிகுகிறது. இதயம் வலுவாகச் சுருங்குகிறது. துடிப்பின் வேகம் குறைகிறது. அளவோடு இருந்தால் நன்மை. அளவு மீறினால் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்னோட்டம் தடைப்படும். அதே வேளையில் கீழறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும்.

உங்களில் சிலர் இதை முன்பே கேள்விப்பட்டிருக்கக் கூடும். டிஜாக்சின் மாத்திரை செய்வதும் இதைத்தான். இதயம் தளர்ந்தோர், ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றோர், மேலறை ஒழுங்கின்றித் துடிப்போர் ஆகியோருள் பலர் அதை எடுத்து வருகிறார்கள். ஒரு மாத்திரையில் உள்ள மருந்து 0.25 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதையும் சிலருக்கு வாரத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுக்கிறோம், சிலருக்குப் பாதி மாத்திரை. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே அவ்வளவு குறுகிய வெளி. அத்தகைய ஒருவர், எவ்வளவு நஞ்சு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒரு கிழங்கை எலுமிச்சை அளவு அரைத்துக் குடித்தால், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்துகளைச் சேர்த்து உட்கொண்டவராகிறார்; அவற்றுள் ஒன்றுக்கு அளவே கிடையாது.

டிஜாக்சினும் தாவரத்திலிருந்து வந்ததே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், உடல் வீக்கத்துக்கு நாட்டுப்புற மூதாட்டி ஒருவர் கொடுத்துவந்த கலவையைப் பற்றிக் கேள்வியுற்றார். அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. விதரிங் தாவரவியலிலும் தேர்ந்தவர். வேலை செய்யும் மூலிகை டிஜிட்டாலிஸ் ஒன்றே என்று இனங்கண்டு, பத்தாண்டுக் காலம் நோயாளிகளிடம் அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, 1785 ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். தம் முயற்சியில் நேர்ந்த தீய விளைவுகளையும் அவர் மறைக்காமல் எழுதினார். நாட்டு மருந்து என்பதற்காக எதையும் நாங்கள் ஒதுக்குவதில்லை. எந்தச் செடி, எவ்வளவு என்ற இரண்டு வினாக்களுக்கு விடை இருக்க வேண்டும் என்கிறோம்.

மேலும் இருவகை நோயாளிகள் தனிக்கவனம் கொள்ள வேண்டும். உடலில் நீர் கோத்துக்கொள்ளாதிருக்க 'நீர் மாத்திரை' எடுப்போர்க்குப் பொட்டாசியம் குறைய வாய்ப்புண்டு. பொட்டாசியம் குறைந்த இதயத்தை இந்த நஞ்சு எளிதில் பற்றும். சிறுநீரகம் பழுதடைந்தோர்க்கு டிஜாக்சின் உடலைவிட்டு வெளியேறுவதே தாமதம். நல்ல சிறுநீரகம் உள்ளவர்க்கே அது பாதியாகக் குறைய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். சிறுநீரகக் கல்லுக்காக இந்தக் கிழங்கை நாடுகிறவரிடம் இவ்விரு குறைகளும் ஒருங்கே இருப்பது அரிதன்று.

இதயநோய் இல்லாதவர்க்கு ஆபத்து இல்லை என்றும் கருதலாகாது. மூட்டு வலிக்காக மத்தியதரைக் கிழங்கு இரண்டை உண்ட 55 வயதுப் பெண் ஒருவர் ஏறத்தாழ 30 மணி நேரத்தில் இதயத்துடிப்பு சீர்குலைந்து இறந்ததைத் துருக்கி நாட்டு மருத்துவர்கள் 1995 ஆம் ஆண்டு பதிவுசெய்துள்ளனர்.

அறிகுறிகள் முதலில் வயிற்றில் தொடங்கும்: குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, பேதி. இதனால் 'ஏதோ ஒவ்வாத உணவு' என்று எண்ணத் தோன்றும். அதன் பின் உடல் தளர்ச்சி, மயக்கம், படபடப்பு, மனக்குழப்பம். சிலருக்குப் பொருள்கள் மஞ்சளாகவோ பச்சையாகவோ தோன்றும். விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். வாந்தி நின்றதும் தேறிவிட்டார் என்று படுக்கவைத்துவிடுவதை நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். வயிறு அடங்கிய பிறகும் இதயத்தில் கோளாறு தொடரக்கூடும். அந்த நேரத்தில் உப்புநீர் குடிக்கவைத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி வரவழைக்க வேண்டாம்; மயங்கியவர்க்கு அது மூச்சுக்குழலில் இறங்கும். 108-ஐ அழைத்து, இதய மின்வரைபடம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். டிஜாக்சின் எடுப்பவராயின் மருத்துவர் பார்க்கும்வரை அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவையுங்கள்.

மருத்துவமனையில் நாங்கள் செய்வது பெரும்பாலும் காத்திருப்பும் கண்காணிப்புமே. விரைவில் வந்தால் மருந்துக்கரி கொடுத்து நஞ்சை வயிற்றிலேயே பிடிக்க முயல்வோம். நாடி மிகவும் தாழ்ந்தால் அட்ரோபின் ஊசி. அதற்கும் எழாவிட்டால் தற்காலிகப் பேஸ்மேக்கர். பொட்டாசியத்தைப் பலமுறை அளந்து சீர்செய்வோம். டிஜாக்சினை முறிக்கும் எதிர்ப்புரத மருந்து ஒன்று உண்டு. நம் நாட்டில் அது எல்லா இடங்களிலும் எளிதில் கிடைப்பதில்லை. இரத்தத்தில் டிஜாக்சின் அளவைக் காணும் சோதனையும் இங்கே அரைகுறையாகவே உதவும். அது டிஜாக்சினை அளக்க அமைந்தது. நரி வெங்காயத்தின் பொருள்களை ஓரளவே இனங்காணும். அளவு குறைவாக வந்தாலும் நஞ்சு இல்லை என்று சொல்ல இயலாது. எனவேதான், என்ன உட்கொண்டார் என்று குடும்பத்தார் சொல்லும் செய்தி பல வேளைகளில் ஆய்வகத்தைவிட மதிப்புடையதாகிறது.

அதைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதையும் அறிவோம். 'டாக்டர் திட்டுவார்' என்று கைவைத்தியத்தை மறைப்பது எங்கள் வார்டுகளில் வழக்கமாகவே இருக்கிறது. அப்படி அஞ்சும்படி நடந்துகொள்ளும் மருத்துவர்களும் இருக்கிறார்கள், அதை மறுப்பதற்கில்லை. இந்தப் பிரிவில் யாரும் உங்களைக் கடிந்துகொள்ளமாட்டார்கள்.

வரும்போது எஞ்சிய கிழங்கைக் கையோடு எடுத்து வாருங்கள். கழுவ வேண்டாம், உரிக்க வேண்டாம்; மண்ணும் வேரும் செதிலுமாக அப்படியே ஒரு காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் அது வியர்த்து அழுகிவிடும். செடி நிற்கும் இடம் தெரிந்தால், பூவோ இலையோ இருக்குமாயின் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பட்டும். ஆனால் அதற்காக நோயாளியைக் காக்கவைக்க வேண்டாம். எத்தனை கிழங்கு, எந்த நேரத்தில், பச்சையாகவா வேகவைத்தா, அன்று காலை என்னென்ன மாத்திரைகள் என்று கேட்போம். அரைத்தவரும் உடன் வந்தால் நல்லது. அரியும்போது கண் எரிந்ததா, கை அரித்ததா என்று அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.